ஒரு லட்சம் பேர் பார்த்தும் சேலை ஏன் நகரவில்லை?

கேள்வி சுருக்கமாக இது: மதுரையில் இரண்டு தலைமுறையாகச் சுங்குடிச் சேலை செய்து விற்கும் குடும்பம். கல்யாணமாகி வந்த மருமகள் எட்டு மாதமாக இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றையும் பார்த்துக்கொள்கிறார். டிரெண்டிங் பாட்டுக்குப் போட்ட ஒரு ரீல் ஒரு லட்சம் பார்வையைத் தாண்டியது, ஆனால் அதில் விற்றது நான்கு சேலைதான். தினமும் ஒரு பதிவு, வாரம் மூன்று டிரெண்ட் என்று ஓர் ஏஜென்சி சொல்கிறது. மாமனார் இதெல்லாம் வேண்டாத வேலை என்கிறார். இப்போது ஓடுகிற டிரெண்டில் எதைப் பிடித்தால் வியாபாரம் நடக்கும்?

பதில்:

உங்கள் பக்கத்தைப் போய்ப் பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். டிரெண்ட் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால், உங்கள் கண்ணில் படாமல் போன ஒன்றைக் காட்ட வேண்டும்.

மார்ச் மாதம் ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். வெளிர் மஞ்சள், அரக்குக் கரை, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பாட்டு இல்லை, மாடல் இல்லை. மொட்டை மாடிக் கொடியில் காய்கிற சேலை, அவ்வளவுதான். அதன் கீழே 41 கருத்துகள். பெரும்பாலும் ஒரே கேள்வி: ரேட் என்ன? ஒவ்வொன்றுக்கும் நீங்கள் போட்ட பதில்: “இன்பாக்ஸ் பாருங்க.” நடுவில் ஒரு பெண் இப்படிக் கேட்டிருக்கிறார்: “எங்க அம்மாவுக்கு எடுக்கலாமான்னு பார்க்கிறேன், எழுபது வயசு ஆகுது, சேலை கனமா இருக்குமா?” அதற்கும் அதே பதில், இன்பாக்ஸ் பாருங்க.

யோசித்துப் பாருங்கள். இந்தப் பெண் உங்கள் கடைக்குள் வந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால் உங்கள் மாமனார் என்ன செய்திருப்பார்? சேலையை எடுத்து அவர் கையில் கொடுத்திருப்பார். “தூக்கிப் பாருங்கம்மா, கஞ்சி போடாம கட்டினா இன்னும் லேசா இருக்கும்” என்று சொல்லியிருப்பார். இரண்டு நிமிடத்தில் பில் போட்டிருப்பார். கடையில் அவர் முப்பது வருடமாகச் செய்கிற அந்த வேலையைத்தான் உங்கள் பக்கம் செய்யாமல் விட்டிருக்கிறது. நான் சொல்லப்போகிற எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

முதலில் அந்த ஒரு லட்சத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பார்வை என்றால் ஒரு லட்சம் பேர் என்று பொருளில்லை. இன்ஸ்டாகிராமில் ரீல் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை, அதே ஆள் திரும்பப் பார்த்தால் இன்னொன்று. யூடியூப் ஷார்ட்ஸிலும் 2025 மார்ச் 31 முதல் இதே கணக்குதான். இத்தனை விநாடி பார்த்திருக்க வேண்டும் என்ற வரம்பு கிடையாது. கட்டைவிரல் தள்ளிக்கொண்டு போகிற வழியில் ஒரு கணம் உங்கள் சேலை தெரிந்திருந்தாலும் எண்ணிக்கை ஏறும். அந்த ரீலைப் பார்த்தவர்களில் பாதிக்கு மேல் பாட்டுக்காக நின்றவர்களாக இருக்கலாம். பாட்டுக்கு நின்றவரிடம் சேலை விற்காததில் வியப்பில்லை.

இந்தத் தளங்கள் எதை வைத்து ஒரு பதிவை மேலே தூக்குகின்றன என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. யூடியூப் 2012-லேயே எத்தனை கிளிக் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதற்கு மாறிவிட்டது. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் நண்பர்கள், உறவினர்களின் பேச்சுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. அதற்குப் பிறகு கடைகளின் பக்கங்கள் காசு கொடுக்காமல் பலரைச் சென்றடைவது இன்னும் சுருங்கிப்போனது. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்று விஷயங்களைச் சொன்னார்: பார்க்கும் நேரம், லைக், அப்புறம் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவது. உங்களைப் பின்தொடராத புது ஆட்களிடம் போய்ச் சேர மூன்றாவதுதான் அதிகம் உதவும் என்றார்.

அந்த மூன்றாவதில்தான் இன்றைய நிலவரம் அடங்கியிருக்கிறது. மக்கள் பொதுவில் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தனியாக அனுப்பிக்கொள்கிறார்கள். கருத்துப் பகுதியில் ஒரு வார்த்தையும் எழுதாதவர் அதே ரீலை அக்காவுக்கு அனுப்புகிறார், குடும்பக் குழுவில் போடுகிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், திண்டுக்கல்லில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு சேலைப் படத்தை அனுப்பி “இது உனக்கு எடுக்கட்டுமா?” என்று கேட்கிற அந்த ஒரு வரியில் பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஆகவே ஒரு பதிவைப் போடும்முன் கேட்க வேண்டியது இதுதான்: இதை யார் யாருக்கு அனுப்புவார்கள், அனுப்பும்போது கூட என்ன எழுதுவார்கள்? இதற்குப் பதில் தோன்றவில்லை என்றால் அந்தப் பதிவு வேண்டாம். டிரெண்டிங் பாட்டுக்கு நீங்கள் ஆடிய ரீலை யாரும் அம்மாவுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். கொடியில் காய்ந்த மஞ்சள் சேலையை அனுப்பியிருப்பார்கள்.

உங்கள் கையில் அனுப்பத் தகுந்த விஷயம் கொட்டிக் கிடக்கிறது. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிக் காயவைத்த துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும்போது முடிச்சுகள் படபடவென்று விட்டுப் புள்ளிகள் திறக்குமே, அதைக் கிட்டத்தில் வைத்து எடுங்கள். பாட்டு போட வேண்டாம், அந்தச் சத்தமே போதும். அடுத்து, இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும், வாங்குகிற எல்லோருக்கும் தெரியாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இது கையால் முடிந்தது, இது மெழுகு, இது ஸ்கிரீன், இதனால் விலை இப்படி என்று ஒன்றரை நிமிடம் பேசுங்கள். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-லேயே கிடைத்திருக்கிறது. அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்களிடம் ஸ்கிரீன் பிரிண்டும் இருக்கிறது என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். விலை குறைவாக வேண்டும் என்பவர் அதை வாங்குவார். ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம் யாருக்கும் வராது.

அப்புறம் சாயம். “கலர் போகுமா?” என்று உங்கள் பக்கத்திலேயே குறைந்தது பத்து இடத்தில் கேட்டிருக்கிறார்கள். “போகாது” என்று எழுதுவதை விட, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு சேர்த்து முக்கிக் காட்டுங்கள். முதல் தண்ணீரில் கொஞ்சம் இறங்கும் என்றால் இறங்குவதையே காட்டி, தனியாக அலசுங்கள், நிழலில் காயப்போடுங்கள் என்று சொல்லுங்கள். வாங்கியவர் முதல் அலசலில் தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்துப் பதறி உங்களுக்கு ஃபோன் போட மாட்டார். திரும்பி வருகிற சேலையும் குறையும்.

இதற்கெல்லாம் உங்கள் மாமனாரைக் கேமரா முன்னால் கொண்டுவாருங்கள். வேண்டாத வேலை என்கிறவரிடம் “ரீல் எடுக்கணும்” என்று கேட்டால் வர மாட்டார். வாடிக்கையாளர் யாராவது கடையில் இருக்கும்போது, அவர்கள் சம்மதத்தோடு, அவர் சேலை விரிப்பதை மட்டும் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். அவர் வாயில் வருகிற சொற்கள் எந்த ஏஜென்சிக்கும் வராது.

சொல் என்று வந்ததால், மொழியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பதிவுகளில் பாதி, “எவ்ரி மூடுக்கும் ஏற்ற எலிகன்ட் காட்டன் கலெக்‌ஷன்” என்ற மாதிரி ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் மாற்றியதாக இருக்கிறது. அந்த வரி எந்த ஊர்ச் சேலைக்கும் பொருந்தும், அதனால் உங்கள் சேலைக்கு ஒட்டவில்லை. உங்கள் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் என்ன சொல்கிறார்கள்? “வெயிலுக்கு இதமா இருக்கு.” “கட்டினா உடம்போட நிக்குது.” “ஆபீஸ்ல நாலு பேர் எங்க எடுத்தேன்னு கேட்டாங்க.” இவைதான் உங்கள் விளம்பர வரிகள். ஒரு சாதாரண நோட்டு வாங்கி, வருகிற ஒவ்வொரு பேச்சிலும் கண்ணில் படுகிற சொல்லை அப்படியே, திருத்தாமல் எழுதி வையுங்கள். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நான் எழுதி நன்றாக ஓடிய வரிகளில் பெரும்பாலானவை யாரோ ஒரு வாடிக்கையாளர் ஏற்கெனவே சொன்னவைதான்.

தமிழில் எழுதினால் எட்டுகிற ஆட்கள் குறைந்துவிடுவார்கள் என்று ஏஜென்சி சொல்லக்கூடும். 2017-ல் கேபிஎம்ஜி என்ற ஆலோசனை நிறுவனமும் கூகுளும் சேர்ந்து இந்திய மொழி இணையத்தைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டன. 2016-லேயே இந்திய மொழிகளில் இணையம் பயன்படுத்துவோர் 23.4 கோடி, ஆங்கிலத்தில் பயன்படுத்துவோர் 17.5 கோடி என்றது அது. இந்திய மொழிகளில் இணையத்துக்குள் வந்தவர்களின் விகிதம் தமிழ் பேசுவோரிடம்தான் அதிகம், 42 சதவீதம் என்றும் சொன்னது. ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததற்குப் பிறகு இது எங்கேயோ போய்விட்டது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: படிப்பதற்குத் தமிழ் எழுத்தை விரும்புகிறவர்கள்கூட, தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுகிறார்கள். அதனால் பதிவின் கடைசியில் சேலையின் பெயரையும் ஊரையும் ஆங்கில எழுத்திலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், தேடுபவர் கண்ணில் படும். வயதான வாடிக்கையாளர்கள் குரல் பதிவு அனுப்புவார்கள். அவர்களுக்குக் குரலிலேயே பதில் சொல்லுங்கள். எழுத்தில் ஐந்து தடவை போய் வருகிற விஷயம் ஒரு குரல் பதிவில் முடிந்துவிடும்.

மொழியில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சொமேட்டோ விவகாரத்தை விடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் தன் ஆர்டரில் ஓர் உணவு வரவில்லை என்று உதவி மையத்தில் முறையிட்டார். மொழி புரியாத சிக்கலில், பணம் திரும்பக் கிடைக்கவில்லை. இந்தி தேசிய மொழி, எல்லோரும் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று ஊழியர் எழுதினார். வாடிக்கையாளர் அந்த உரையாடலை அப்படியே படம் பிடித்து ட்விட்டரில் போட்டார். சில மணி நேரத்தில் “ரிஜெக்ட் சொமேட்டோ” நாடு முழுக்க டிரெண்ட் ஆனது.

நிறுவனம் “வணக்கம் தமிழ்நாடு” என்று தொடங்கித் தமிழிலேயே அறிக்கை விட்டது. தவறு என்று ஒப்புக்கொண்டது. செயலியின் தமிழ் வடிவம் தயாராகிறது, கோயம்புத்தூரில் தமிழ் உதவி மையம் வருகிறது என்றது. தமிழ்நாட்டுக்கு அனிருத்தை விளம்பர முகமாக வைத்திருப்பதையும் குறிப்பிட்டது. ஒரு நல்ல மன்னிப்பில் இருக்க வேண்டியதில் பாதிக்கு மேல் அதில் இருந்தது. ஆனால் சில மணி நேரத்தில் அதன் நிறுவனர் தீபிந்தர் கோயல், உணவு டெலிவரி நிறுவன உதவி மையத்தில் யாரோ அறியாமல் செய்த தவறு தேசியப் பிரச்சினையாகிவிட்டது, நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் கூட வேண்டும் என்ற பொருளில் எழுதினார். நீக்கப்பட்ட ஊழியரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதையும் அறிவித்தார். ஊழியரைத் திரும்பச் சேர்த்தது எனக்குச் சரி என்றே படுகிறது, அந்தப் பெண் ஒருவரை மட்டும் பலி கொடுப்பது நியாயமில்லை. ஆனால் சகிப்புத்தன்மையைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர்களுக்கே பாடம் எடுத்த அந்த ஒரு வாக்கியம், தணிந்துகொண்டிருந்த கோபத்தைத் திரும்பக் கிளப்பியது.

இதில் நான் பார்ப்பது இதுதான். விளம்பரத்தில் தமிழ் இருந்தது, விளம்பர முகம் தமிழ் முகம். வாடிக்கையாளர் குறை சொல்ல வந்த இடத்தில் மட்டும் தமிழ் இல்லை. விற்கிறபோது என் மொழி, குறை சொல்கிறபோது உன் மொழியா என்று மக்கள் கேட்டார்கள். உங்கள் அளவில் இது எப்படி வரும்? சேலையில் சின்னக் கிழிசல் இருந்தது என்று ஒருவர் எழுதும்போது, “பார்சலைப் பிரிக்கும் வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் கிடையாது” என்று பெரிய எழுத்தில் ஒட்டிய விதியைத் திருப்பி ஒட்டுவீர்கள். விதி தேவைதான், மறுக்கவில்லை. அதை வாங்கும் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கிழிசல் வந்தபிறகு முதல் வரி “சேலை அப்படி வந்ததுக்கு வருத்தமா இருக்கு, படம் அனுப்புங்க” என்று இருக்கட்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த நாள். நான் அப்போது ஒரு துணிக்கடையின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்துக்கு முன்பே நேரம் குறித்து வைத்திருந்த மழைக்காலத் தள்ளுபடிப் பதிவு, வேளச்சேரியில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த காலையில் தானாக வெளியானது. எங்கள் பகுதியில் மின்சாரமும் இணையமும் போய்விட்டதால் நான் பார்க்கவே நேரமாகிவிட்டது. “இங்க குழந்தைக்குப் பால் இல்லை, உங்களுக்கு ஆஃபரா?” என்று ஒரு தாய் எழுதியிருந்தார். அதை இன்றும் மறக்க முடியவில்லை. பதிவை நீக்கினோம். தானாக வெளியாகும்படி வைத்ததை நிறுத்தாதது எங்கள் தவறு என்று நேராக எழுதினோம். “யார் மனமாவது புண்பட்டிருந்தால்” என்ற வார்த்தையைச் சேர்க்கவில்லை. அந்தத் தாய்க்குத் தனியாகவும் எழுதி மன்னிப்புக் கேட்டோம். அன்றிலிருந்து ஒரு வழக்கம்: நேரம் குறித்து வைத்த பதிவுகள் எங்கே இருக்கின்றன, எப்படி நிறுத்துவது என்பது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அதில் ஒருவர் வேறு ஊரில் இருக்க வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். விலையை மறைப்பதற்கு உங்கள் பக்கத்து நியாயம் தெரியும். போட்டிக் கடைக்காரர் பார்த்து ஐம்பது ரூபாய் குறைத்துப் போடுவார். ரீசெல்லர்கள் உங்கள் படத்தை எடுத்துத் தங்கள் லாபத்தைச் சேர்த்து விற்கிறார்கள், விலையை வெளியில் போட்டால் அவர்கள் கோபிப்பார்கள். விலை கேட்டுக் கருத்துகள் குவிந்தால் பதிவு மேலே போகும் என்ற நம்பிக்கையும் உண்டு. கடைசிக் காரணத்துக்காக வாங்க வந்தவரை அலைக்கழிப்பது தப்பு. போட்டிக் கடைக்காரர் எப்படியும் ஒரு பொய்க் கணக்கிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்வார். ரீசெல்லர் சிக்கலுக்கு வழி இருக்கிறது: வெளியில் சில்லறை விலையைப் போடுங்கள், அவர்களுக்கான விலையைத் தனிக் குழுவில் கொடுங்கள், வெளி விலைக்குக் கீழே நீங்களே விற்காதீர்கள். அந்த நம்பிக்கையை ஒருமுறைகூட உடைக்காமல் இருந்தால் அவர்கள் உங்களை விட்டுப் போக மாட்டார்கள். விலையோடு நீளம், பிளவுஸ் உண்டா இல்லையா, கொரியர் செலவு, பொருள் கிடைத்தபின் பணம் கொடுக்கும் வசதி உண்டா, இவ்வளவையும் பதிவிலேயே எழுதிவிடுங்கள். கேள்விகள் குறையும். மிச்சம் வருகிற கேள்விகள் வாங்குகிறவர்களுடையதாக இருக்கும்.

இப்போது டிரெண்ட். டிரெண்டைப் பிடிப்பது ஒன்றும் புதிது அல்ல. அமுல் பொம்மைச் சிறுமி 1960-களிலிருந்து ஊர்ப் பேச்சைப் பிடித்துத்தான் விளம்பரப் பலகையில் வருகிறாள். அதை இத்தனை வருடம் விடாமல் ஒரே குரலில் செய்ததால் அது அவர்களுடையதாகிவிட்டது. மற்றவர்கள் இடையில் புகுந்தால் சில நேரம் வழக்கு வரும். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பேட்மின்டன் வீராங்கனை பி.வி. சிந்து வெண்கலம் வென்றபோது பல நிறுவனங்கள் அவர் படத்தோடு தங்கள் சின்னத்தையும் சேர்த்து வாழ்த்துப் போட்டன. அனுமதியில்லாமல் அவர் பெயரை வணிகத்துக்குப் பயன்படுத்தியதாகச் சொல்லி, அவரை நிர்வகிக்கும் நிறுவனம் சட்ட நடவடிக்கையில் இறங்கியது.

பாட்டுக்கும் இதே ஆபத்துதான், உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். இன்ஸ்டாகிராம் தன் தொகுப்பில் தருகிற சினிமாப் பாடல்கள் தனி ஆட்களின் சொந்தப் பயன்பாட்டுக்குத்தான். கடை விற்பனைக்குப் போடும் ரீலில் அவற்றைச் சேர்க்க உரிமை தனியாக வாங்க வேண்டும். வணிகக் கணக்குகளுக்குப் பல பாடல்கள் காட்டாமல் போவது அதனால்தான். 2024 மே மாதம் அமெரிக்காவில் சோனி மியூசிக், சமூக வலைத்தளப் பதிவுகளில் தன் பாடல்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக மேரியட் ஹோட்டல் நிறுவனத்தின்மீது வழக்கே போட்டது. ஒரு சின்னக் கடைமீது யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்று ஏஜென்சி சொல்லும். வழக்கு வராவிட்டாலும், ஒருநாள் ரீலின் ஒலி மட்டும் வெட்டப்பட்டு ஊமையாகக் கிடக்கும். அந்த உழைப்பு போயிற்று. தறிச் சத்தம், வாளித் தண்ணீர்ச் சத்தம், மாமனார் குரல், இவற்றுக்கு உரிமைத் தொகை கிடையாது.

உங்களுக்கு ஏற்ற டிரெண்ட் பஞ்சாங்கத்திலும் வானிலை அறிக்கையிலும் இருக்கிறது. பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கும்போது பருத்திக்குத் தேடல் ஏறும். கத்தரி வெயில் வந்தால் அதைத் தவிர வேறு பேச்சே இருக்காது. சித்திரைத் திருவிழா நேரத்தில் உலகத்தில் எங்கிருக்கிற மதுரைக்காரருக்கும் ஊர் ஞாபகம் வரும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே பார்த்திருக்கும். அன்று உங்கள் கடையில் அந்த நிறத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு படம் போடுங்கள், விற்கிற வார்த்தை எதுவும் வேண்டாம். ஆடியில் எல்லோரும் தள்ளுபடி என்று கத்தும்போது உங்கள் குரல் கேட்காது, அப்போது பேசாமல் இருப்பதே மேல். இப்படிப் பார்த்தால் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தருணம் கிடைக்கும், தினமும் ஒன்று என்ற கட்டாயம் போய்விடும். வாரம் இரண்டு நல்ல பதிவு போதும். மிச்ச நேரத்தைப் பதில் எழுதச் செலவழியுங்கள்.

ஒரு தளத்தை மட்டும் நம்பி நிற்காதீர்கள் என்பதற்கு 2020 ஜூன் 29 சாட்சி. அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. லட்சக்கணக்கில் பின்தொடர்வோரை வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். வாடிக்கையாளரின் ஃபோன் எண்ணைக் கையில் வைத்திருந்த கடைகள் அடுத்த நாளும் வியாபாரம் செய்தன.

உங்களிடம் எண்கள் இருக்கின்றன, ஆனால் வாங்கிய எல்லோரையும் கேட்காமல் ஒரு குழுவில் சேர்த்திருக்கிறீர்கள். இதை உடனே நிறுத்துங்கள். முன்பின் தெரியாத இருநூறு பேருக்கு ஒரு பெண்ணின் எண் தெரிகிறது, இதனால் நடக்கிற தொல்லைகளை நான் பார்த்திருக்கிறேன். பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள்: ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். அதனால் பார்சலுக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: “புதுச் சேலை வந்தா சொல்லணும்னா எங்க நம்பரைச் சேமிச்சு, சரின்னு ஒரு மெசேஜ் போடுங்க.” சரி என்றவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள், மாதம் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். 2023 செப்டம்பரில் வந்த வாட்ஸ்அப் சேனலும் நல்ல வழிதான், அதில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. தினமும் காலை வணக்கப் படம் அனுப்பினால் தடுத்துவிடுவார்கள். தடுப்பவர்களும் புகார் செய்பவர்களும் கூடினால் உங்கள் எண்ணே முடங்கும்.

இன்ஃப்ளூயன்சருக்குச் சேலை அனுப்பி வீடியோ போடச் சொல்கிற யோசனை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். செய்யலாம். ஆனால் இலவசச் சேலையும் ஒரு பிரதிபலன்தான். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி அதை வெளிப்படையாக, வீடியோ எந்த மொழியோ அந்த மொழியில் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. “விளம்பரம்” என்று தமிழில் தெளிவாகப் போடச் சொல்லுங்கள். பெரிய ஆட்களை விட, தினமும் சேலை கட்டி வேலைக்குப் போகிற ஆசிரியை, செவிலியர், வங்கி ஊழியர் என்று சின்னக் கணக்கு வைத்திருப்பவர்களைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். காலையில் கட்டியது மாலையில் எப்படி இருக்கிறது என்று அவர்கள் காட்டினால் போதும்.

ஏஜென்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. மாத அறிக்கையில் பார்வை எண்ணிக்கைக்கு முன்னால் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: எத்தனை பேர் விசாரித்தார்கள், அதில் எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் இரண்டாவது தடவை வந்தார்கள், ஒரு கேள்விக்கு நாம் பதில் சொல்ல எவ்வளவு நேரமானது. இதைத் தர முடியாது என்றால் அந்தப் பணத்தில் பாதியை, மாலை ஆறிலிருந்து பத்து வரை வாட்ஸ்அப்பில் உட்கார்ந்து பதில் சொல்கிற ஒருவருக்குச் சம்பளமாகக் கொடுங்கள். உங்கள் பக்கத்தில் கேள்விகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வந்திருக்கின்றன. பதில் மறுநாள் பதினோரு மணிக்குப் போயிருக்கிறது. ஆர்டர் போடுகிற ஒவ்வொருவரிடமும் “எங்கே பார்த்தீங்க?” என்று கேட்டு அதே நோட்டில் குறியுங்கள். “அக்கா அனுப்பினா” என்ற பதில் எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கடையில் தராசு இருக்கும். அந்த மஞ்சள் சேலையை எடை போடுங்கள். எத்தனை கிராம், விலை எவ்வளவு, கஞ்சி போட்டால் எப்படி, போடாவிட்டால் எப்படி என்று எழுபது வயது அம்மாவுக்காகக் கேட்ட அந்தப் பெண்ணின் கருத்துக்குக் கீழேயே எழுதுங்கள். மார்ச் மாதத்துக் கேள்விதானே என்று விட்டுவிடாதீர்கள், அவர் இன்னும் எடுக்காமல் இருக்கலாம்.